கொழுந்து கண்டால் நில்லாத கை

நாகலெட்சுமி தோள்பையைக் கீழே வைப்பதற்குள் எங்கள் வீட்டில் இரண்டு கொழுந்தாவது போய்விடும். மாடிப்படி ஏறும்போதே வலது கை முன்னால் வந்துவிடுகிறது. படி முடியும் இடத்தில் தொங்கும் மணிபிளாண்ட்டின் நுனி முதல் பலி. கதவோரத்துக் கோலியஸ் அடுத்தது. ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். கண் செடியைப் பார்த்தே இருக்காது. வாய், நோட்டன் பிரிட்ஜ் பஸ் இன்றைக்கும் பிந்தி வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

“ஏங்க நாகலெட்சுமி, வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டீங்களா?” என்பேன்.

விரலிடுக்கில் இருப்பதைப் பார்த்து அவரே திடுக்கிடுவார். “ஐயோ சின்னம்மா, கைதாங்க போகுது. நான் போகல.”

தோட்டத்தில் பேர் பதிந்த நாளிலிருந்து, வயது முடிந்து வேலையிலிருந்து நிற்கும்வரை, தேயிலை மலையில் கொழுந்து பறித்த கை அது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேரும் இடத்தில் தோல் கறுத்துக் காய்த்திருக்கிறது. ரேகைக்குள் ஊறிய தேயிலைக் கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் அசைவதில்லை. ஆள் சின்ன உருவம். எங்கள் ஹட்டன் குளிருக்கு இரண்டு சுவெட்டர் போட்டு, மேலே சேலையைக் கட்டுவார். நடை மட்டும் இன்னும் முதுகில் கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறுகிறவரின் நடை, சமதரையில்கூட உடம்பு முன்னால் சாய்ந்துதான் போகும்.

கொழுந்து என்றால் தேயிலைக் கொழுந்துதான் என்று அந்தக் கைக்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. கறிவேப்பிலைக் கொத்து, கோயில் துளசி, என் கணவர் சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல், எதுவும் தப்பாது. ஒருநாள் பஸ்ஸில் முன் சீட்டுக் குழந்தையின் கம்பளித் தொப்பியில் பச்சை நூல் குஞ்சம் ஒன்று ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. டவுன் வருவதற்குள் குஞ்சம் இவர் கையில். குழந்தையின் தாய் சிங்களத்தில் கத்த, இவர் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்க, கடைசியில் கண்டக்டர்தான் நடுவில் நின்று தீர்த்துவைத்தாராம். இதைச் சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்கும் அடக்க முடியவில்லை. அவர் கணவர் மாயாண்டி ஒருமுறை கீழே எங்கள் கடைக்கு வந்தபோது முறையிட்டார்: “தூக்கத்துலயும் மலைக்குப் போயிருதுங்கம்மா. கம்பளியில மசிரே இல்ல, எல்லாத்தையும் பறிச்சிருச்சு. நான்தான் குளுருல கெடக்குறேன்.”

எங்களுடையது ஹட்டன் பஜாரில் பாத்திரக் கடை. கடைக்கு மேலே வீடு. ரோட்டைப் பார்த்த முன்னறையில் வரிசையாக மூன்று சன்னல், சன்னலடியில் செடிகள். கடையில் நெளிந்து, விலைபோகாமல் போன சருவமும் குண்டாவும் இட்லிப் பானையும்தான் பூச்சட்டிகள். பெகோனியா ஒரு பால்குண்டாவில் பூக்கிறது. அந்தூரியம் இருப்பது அண்டாவில். செடிகள் ரத்னா மதினியுடையவை. மதினி என் கணவரின் அக்கா. கல்யாணம் வேண்டாமென்று நின்று, தம்பியோடு கடையைப் பார்த்தவர். கடையில் ஊழியர்களை அதட்டிவிட்டு மாடியேறி வந்து, செடிகளிடம் மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசுவார். எங்களிடம் அந்தக் குரலில் பேசியதை நான் கேட்டதில்லை.

வீடு பெருக்கத்தான் நாகலெட்சுமியை வைத்தோம். பெருக்கும்போது செடிகளைத் தொடாதே என்றால் அவரால் முடியவில்லை. சரி, செடி வேலையையே கொடுத்துவிடு என்று மதினி சொல்லிவிட்டார். திருடனையே காவலுக்கு வைத்த கதை.

மாசிப் பனி கழிந்து பங்குனி வெயில் சன்னலுக்குள் விழத் தொடங்கும்போது அந்த வேலை சூடுபிடிக்கும். நுவரெலியா சீசனுக்குக் கொழும்புக் கார்கள் ஏறிப் போகிற நாட்கள் அவை. பனிக்காலம் முழுக்கச் சுருண்டு கிடந்த செடிகள் கண்விழிக்கும். நாகலெட்சுமி பழைய பேப்பரை விரித்து உட்காருவார். சட்டியைக் கவிழ்த்து, தட்டி, வேரோடு எடுத்து, கருகிய வேரைக் கழித்து, தோட்டத்திலிருந்து பையில் சுமந்து வந்த மண்ணைப் போட்டு நடுவார். இலையை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார், பிள்ளைக்கு முகம் துடைக்கிற மாதிரி. நான் பழக்கத்தில் தேயிலைச் சக்கையைச் சட்டியில் கொட்டினால் கோபம் வந்துவிடும். “உசுரோட இருக்குறதுக்குச் செத்த கொழுந்தப் போடுறீங்களே, நல்லாவா இருக்கு?”

வேலை செய்வதிலும் மலையின் ஒழுங்குதான். தேயிலை மலையில் காலையில் கங்காணி ஆளுக்கு ஒரு நிரை பிரித்துக் கொடுப்பார். அந்த வரிசையில் இருக்கும் செடியெல்லாம் அன்றைக்கு அவளுடையது. ஒருத்தி நிரையில் இன்னொருத்தி கை வைக்கக் கூடாது. வைத்தால் அன்றைக்குத் தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயமே இரண்டுபடும். எங்கள் மூன்று சன்னலும் நாகலெட்சுமிக்கு மூன்று நிரை. முதல் நிரை முடியாமல் இரண்டாவதுக்குப் போகமாட்டார். தண்ணீர் இல்லாமல் வாடுகிற செடி மூன்றாவதில் இருந்தால் அது காத்துக்கொண்டு வாடவேண்டியதுதான்.

கிள்ளக் கிள்ளக் கோலியஸ் புதராகும், ஜெரேனியம் கிளை பிரியும். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் எல்லாச் செடியும் தேயிலை இல்லையே! வந்த வருஷமே பனை ஜாதியில் ஒற்றைத் தண்டுப் பாம் செடியின் நடுக்குருத்தைக் கிள்ளிவிட்டு, இனி நாலா பக்கமும் வெடிக்கும் பாருங்கள் என்றார். அது வெடிக்கவில்லை. குருத்தோடு அதன் ஆயுசு முடிந்தது. போன பங்குனியில், மூன்று வருஷமாகப் பூக்காத மதினியின் ஓர்க்கிட் அடியிலிருந்து தடித்த மொட்டுக்காம்பு ஒன்றை நீட்டியது. மதினி கடைக்கு இறங்கிய நேரம். டிக்.

அன்றைக்கு மதினி வலது கையை நீட்டிப் படியைக் காட்டினார். “எறங்குடி.”

நாகலெட்சுமி அழுதுகொண்டே இறங்கினார். மறுநாள் அதே பஸ்ஸில் வந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி, மரத்தில் சுரண்டிய பாசியை ஓர்க்கிட்டின் அடியில் வைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மதினி என்னைப் போடச் சொன்ன தேத்தண்ணி இரண்டு கோப்பை.

படியைக் காட்டிய மதினியின் அந்த வலது கைதான் போன ஐப்பசியில் விழுந்தது. பாரிசவாதம். கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தார். நாக்கு முதலில் திரும்பியது, அது திரும்பாமல் இருக்குமா! கால் அடுத்து, கம்பு ஊன்றிக் குளியலறைவரை போகும் அளவுக்கு. கை திரும்பவில்லை. விரல்கள் மடங்கி, கட்டைவிரல் சுட்டுவிரலைத் தேடிப் பாதி வழியில் நின்றுவிடும்.

விரல் சேராமல் சோறு எப்படி அள்ளுவது? ஊட்டப் போனால் வாயை மூடிக்கொள்வார். இடது கையில் கரண்டியைப் பிடித்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுவார். “பீச்சாங்கையால திங்கிறத நாலு பேரு பாக்கணுமா?” எங்கள் வீட்டில் விசேஷ நாட்களில் கடை ஊழியர்கள் எல்லோரும் மாடிக்கு வந்து இலை போட்டுச் சாப்பிடுவார்கள். முதல் இலை மதினிக்கு. தைப்பொங்கலுக்கு அந்த இலையைப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். மதினி வரவில்லை. என் கணவர் அந்த இலையை மடிக்கவும் முடியாமல், அதில் பரிமாறவும் முடியாமல் எழுந்து கீழே போய்விட்டார். சித்திரைப் புதுவருஷத்துக்கு என்ன செய்யப்போகிறோம் என்று பங்குனி பிறந்ததுமே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை வரும் சுதாகரன் நல்ல பிள்ளை. பொறுமைசாலி. தினமும் தட்டிலிருந்து பாசிப்பயறை விரலால் பொறுக்கவேண்டும், துணிக்கிளிப்பை அமுக்கவேண்டும் என்று செய்து காட்டுவார். “விரல் திரும்பும் அம்மா. பழகினாத்தான் திரும்பும்.” அவர் படியிறங்கியதும் மதினி தட்டை இடது கையால் வீசுவார். “சின்னப்புள்ள வெளையாட்டா வெளையாடச் சொல்றான்?” பயறு சில பூச்சட்டிகளில் விழுந்து முளைத்தது. முளைத்ததை நாகலெட்சுமி கிள்ளினார்.

முன்னறையை ஒட்டியே குளியலறை என்பதால் மதினியின் கட்டிலை முன்னறைக்கு மாற்றியிருந்தோம். வலது கைப்பக்கம் மூன்றாவது சன்னல். அந்தச் சன்னலடியில் நான்கு சட்டிக் கோலியஸ். பங்குனி பாதியில்தான் கவனித்தேன், அந்த நான்கும் கிள்ளப்படாமல் நீண்டு கிடந்தன. மற்ற இரண்டு சன்னலிலும் ஒரு நுனி மிச்சமில்லை. இந்த நான்கில் மட்டும் ஊதாவும் பச்சையுமாகக் கொழுந்து கொழுந்தாக நின்றது.

“என்னங்க இது? கிள்ள வேணாம்னா கிள்ளுறீங்க, கிள்ள வேண்டியத காடா விட்டுருக்கீங்க?”

“அதுல நான் கை வைக்கப்படாது சின்னம்மா. அது பெரியம்மா நெரை.”

கட்டிலில் கண் மூடிக் கிடந்த மதினி கண்ணைத் திறந்தார். “எனக்கு எவடி நெரை குடுத்தா?”

“நான்தாங்க. இன்னைக்கு நான்தான் கங்காணி.”

“போடி, பொழப்பத்தவளே.”

நாகலெட்சுமி அதற்கெல்லாம் அசருகிறவர் இல்லை. ஒரு சட்டியைத் தூக்கி முக்காலியில் வைத்து, முக்காலியைக் கட்டிலை ஒட்டித் தள்ளினார். “பொறுப்பா செய்யுங்க பெரியம்மா. நெரையப் போட்டுட்டு ஓடுனா, பேரு போயிரும்.”

மதினி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “என் கை செத்த கைடி.”

“அது செடிக்குத் தெரியாதுங்க.”

நான் சுதாகரனுக்குப் போன் பண்ணிக் கேட்டேன், இது சரியா, ஏதாவது ஆகிவிடுமா என்று. “அவங்களுக்கு எது பிடிக்குதோ அதைச் செய்யட்டும் அக்கா. பயறோ இலையோ, விரல் சேர்ந்தா சரி” என்றார்.

அதிலிருந்து தினமும் அதே நாடகம். மற்ற வேலை முடிந்ததும் நாகலெட்சுமி முக்காலியை இழுப்பார். மதினி திட்டுவார். திட்டு தீர்ந்ததும், போனால் போகிறது என்று கையைத் தூக்கிச் செடியின்மேல் போடுவார். கை மரக்கட்டையாக விழும். விரல் வழுக்கும். இலை கிழியும், கொழுந்து அப்படியே நிற்கும்.

“இழுக்காதீங்க. இழுத்தா வராது. வெரல அடியில குடுத்து, கட்டவெரல சாய்ங்க. ஒடிக்கணும் பெரியம்மா, பிய்க்கக் கூடாது.”

சொல்லுகிறவரைப் பார்க்கத்தான் எனக்குப் பாவமாக இருக்கும். கண்ணெதிரே கொழுந்து ஆடுகிறது. இன்னொருத்தி நிரை, தொடக் கூடாது. வலது கையைச் சேலைத் தலைப்பில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டு நிற்பார். தலைப்புக்குள் விரல்கள் நெளிவது வெளியே தெரியும். ஒருநாள் நான் மதினியின் மணிக்கட்டைப் பிடித்து உதவப் போனேன். “விடுங்க சின்னம்மா! அவங்க நெரை!” என்று என்மேல் பாய்ந்துவிட்டார். என் வீட்டில், என் மதினியின் கையை நான் பிடிக்கக் கூடாதாம்!

ஒருநாள் மதினிக்கு ஆத்திரம் தலைக்கேறி, இடது கையால் ஒரு தண்டையே முறித்துத் தரையில் அடித்தார். நாகலெட்சுமி குனிந்து எடுத்தார். “எடக்கையில பறிச்சது கணக்குல வராதுங்க” என்று சொல்லிவிட்டு அந்தத் தண்டைத் தண்ணீர் டம்ளரில் வைத்தார். மலையில் இரண்டு கையாலும்தான் பறிப்பார்கள். அது எனக்கும் தெரியும், மதினிக்கும் தெரியும். மதினி அவரை முறைத்தார். மறுக்கவில்லை.

இதற்கிடையில் முதல் மழை பெய்தது. மழைக்குப் பின் வருகிற வெயில் செடிக்குச் சாராயம் மாதிரி. நான்கு சட்டியும் பைத்தியமாக வளர்ந்து, நுனியில் பூக்காம்பு எட்டிப் பார்க்கத் தொடங்கியது. நாகலெட்சுமி அடுப்படிக்கு வந்து என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: “பூத்துட்டா தண்டு முத்தி வெறகாயிரும் சின்னம்மா. அப்புறம் அவங்க வெரலுக்கு அசையாது. புது வருசத்துக்குள்ள ஒரு கொழுந்தாவது ஒடிச்சிட்டாங்கன்னா, சோத்த அள்ளிருவாங்க. எனக்குத் தெரியும். ரெண்டும் ஒரே புடிதான்.”

“அப்போ பூக்காம்பை நீங்க கிள்ளிவிட வேண்டியதுதானே? இத்தன நாளா கிள்ளாததா?”

“அடுத்தவ நெரைல கை வச்சா அப்புறம் அது அவ நெரை இல்லீங்களே.”

எனக்கு எரிச்சல் வந்தது. இதென்ன பிடிவாதம் என்று நினைத்தேன். ஒரு சட்டி பூத்தது. இரண்டு நாள் கழித்து இன்னொன்று. பூத்ததை அவர் எடுத்து ஓரமாக வைத்தார், வைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவதும் போனது. புது வருஷச் சாமான் வாங்க பஜாரில் கூட்டம் நெரிந்த நாளன்று, மிச்சம் இருந்தது ஒரே சட்டி. அதிலும் பூக்காம்பு வராத கிளை ஒன்றுதான்.

அன்று முற்பகல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கீழே கடையில் பானை வாங்கும் சத்தம். நான் பலகாரத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தேன். நாகலெட்சுமி முக்காலியை இழுத்தார். மதினி திட்டவில்லை. நான் மாவுக் கையோடு வந்து நின்றேன்.

மதினி அந்தக் கிளையைப் பார்த்தார். “இதுதான் கடைசியாடி?”

“ஆமாங்க.”

“இதுவும் போச்சுன்னா?”

நாகலெட்சுமி சேலைத் தலைப்பில் சுற்றிய கையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

மதினி கையைத் தூக்கினார். சுட்டுவிரலைக் கொழுந்தின் அடியில் கொடுத்தார். கட்டைவிரல் கிளம்பி, வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றியில் வேர்வை. போதும் மதினி, விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாகலெட்சுமி என் பக்கம் திரும்பாமலே இடது கையைத் தூக்கி என்னை அடக்கினார். கட்டைவிரல் நடுங்கி, நகர்ந்து, தண்டைத் தொட்டது. தொட்டது மெல்லச் சாய்ந்தது.

டிக்.

வாழ்க்கையில் எத்தனை தரம் அந்தச் சத்தத்துக்காக ஒருத்தியைத் திட்டியிருப்பேன்! மாவுக் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அழுகை வராமல் என்ன செய்யும்?

மதினி அழவில்லை. இரண்டு விரலுக்கு நடுவே இருந்த ஊதாக் கொழுந்தை வெறித்துப் பார்த்தார். விட்டால் விரல் திரும்பவும் பிரிந்துவிடுமோ என்ற பயமோ என்னவோ, இறுக்கிப் பிடித்திருந்தார். பிறகு அதிகாரம் திரும்பிய குரலில் கேட்டார்: “ஏ நாகு, இத எங்கடி போடுறது?”

நாகலெட்சுமி சேலைத் தலைப்பிலிருந்து கையை விடுவித்துக் கண்ணைத் துடைத்தார். மெதுவாகத் திரும்பி, கட்டிலை ஒட்டி, கூடை இல்லாத தன் முதுகை மதினிக்குக் காட்டிக்கொண்டு குனிந்து நின்றார்.